ஏழாம் நம்பரின் இரண்டு மீட்டர்கள்

பதினொரு மாதத்தில் பைலட் ஆகிவிடலாம் என்று நம்புகிற மனிதரிடம் ஒரு டீ போடச் சொல்லிப் பாருங்கள். தண்ணீர் கொதிக்கும்வரைகூடப் பொறுக்க மாட்டார். என் அண்ணன் அந்த ரகம். குளியலறைக் குழாய்களும் வாஷ்பேசின்களும் விற்கிற கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் ஒரு குழாயைத் திருகிப் பார்த்து முடிப்பதற்குள் அதை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். அவராக என்னைக் கூப்பிடுவது வாஷிங் மெஷின் மக்கர் பண்ணினால்தான். நான் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் மெக்கானிக். எஞ்சினைப் பிரித்துச் சேர்த்து, ‘இது பறக்கத் தகுதியானது’ என்று கையெழுத்துப் போடச் சட்டப்படி உரிமம் வாங்கியவள். ஒன்பது வருடமாக ஒரே ஹேங்கரில் பன்னிரண்டு சின்ன விமானங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். உரிமம் கைக்கு வந்த அன்று அண்ணன் எனக்கு ‘ஸ்பானர்’ என்று பெயர் வைத்தார். அவருக்கு விளங்கியது அவ்வளவுதான்.

அன்று வாஷிங் மெஷின் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜைமேல் பளபளவென்று ஒரு ஃபைல் கிடந்தது. அதன் அட்டையில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் கறுப்புக் கண்ணாடி போட்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் பள்ளியின் ஃபைல். அந்தப் பையன் பைலட் இல்லை, அலுவலகத்து ஏ.சி.யைச் சரிபார்க்க வந்தவன். முகவெட்டு நன்றாக இருக்கிறதென்று பிடித்து நிறுத்தி, சட்டை மாட்டிப் படம் எடுத்தார்கள். ஏ.சி. இன்னும் சரியாகவில்லை.

‘பூஜ்யத்திலிருந்து விமானக் கம்பெனிவரை! பதினொரே மாதம்!’ என்று அட்டையில் போட்டிருந்தது. இரண்டு வாக்கியத்துக்கு இரண்டு ஆச்சரியக்குறி. உண்மையைச் சொல்கிறவனுக்கு ஒன்றுகூடத் தேவைப்படாது.

“பாத்தியா ஸ்பானர்? உன் ஸ்கூல்தான். பொடிசை இதுல சேத்துடலாம்னு இருக்கேன்,” என்றார் அண்ணன்.

பொடிசு அவருடைய ஒரே மகள். குறைமாதத்தில் பிறந்ததால் வந்த பெயர். இப்போது பத்தொன்பது வயது, என்னைவிட ஒரு சாண் உயரம், பெயர் மட்டும் வளரவில்லை. பொம்மை விமானம் கையில் கொடுத்ததும் பைலட் ஆசை வந்துவிட்டது என்று சொல்கிற பிள்ளைகள்மேல் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. இவளுக்கு ஆசை பதினேழு வயதில் வந்தது, காரண காரியத்தோடு வந்தது. வந்தபின் போகவே இல்லை. கண் சோதனை, காது சோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் தானாகப் போய் முடித்துச் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தாள். இனி எங்கே சேர்வது என்பது மட்டும்தான் பாக்கி.

அவள் முன்னால் ஒரு நோட்டு இருந்தது. நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதியிருந்தாள்.

“ரெண்டு வழி இருக்கு அத்தை. ஒண்ணு உங்க ஸ்கூல். தினமும் பறக்க விடுவாங்க, பதினொரு மாசத்துல முடிஞ்சிடும். இன்னொண்ணு, அதே ரன்வேக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஃப்ளையிங் கிளப். அங்க மொத்தமே ரெண்டு விமானம். வாரத்துக்கு ரெண்டு தடவை முறை வந்தா அதிர்ஷ்டம். மூணு வருஷம் ஆகும்.”

“மூணு வருஷம்!” என்று அண்ணன் நெஞ்சில் கை வைத்தார். “அதுக்குள்ள இவளுக்குத் தலை நரைச்சிடும்.”

“அது இல்லப்பா விஷயம்,” என்றாள் பொடிசு. “கம்பெனில எல்லாமே சேர்ந்த தேதியை வெச்சுத்தான். யாரு முதல்ல கேப்டன் ஆகறது, யாருக்கு லீவு, யாருக்கு எந்த ஊர், எல்லாம். ஒரு வருஷம் முன்னாடி சேர்ந்தவங்க ரிட்டயர் ஆகற வரைக்கும் முன்னாடிதான் நிப்பாங்க. அப்புறம் இன்னொண்ணு, தினமும் பறந்தா மறக்காது. வாரத்துக்கு ரெண்டு நாள் பறந்தா, போன தடவை கத்துக்கிட்டதை ஞாபகப்படுத்தறதுலயே பாதி நேரம் போயிடும்.”

எனக்கு இதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த ஃபைலை அச்சடித்தவன் ஒருவனுக்கும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல வந்திருக்காது.

“அதோட வேலைக்கும் உத்தரவாதம்னு போட்டிருக்கான் பாரு,” என்று அண்ணன் ஒரு பக்கத்தை விரலால் குத்தினார்.

“வேலைக்கு இல்லப்பா. நேர்முகத் தேர்வுக்கு உத்தரவாதம்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “அதெல்லாம் விடுங்க. விழுந்துடாதுல்ல?” என்றாள். அந்த வீட்டில் அன்று கேட்கப்பட்ட கேள்விகளில் புத்திசாலித்தனமானது அதுதான்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “நீ ஒன்பது வருஷமா உள்ளயே இருக்கறவ. நீ சொன்னா இந்த சனிக்கிழமையே போய்ச் சேத்துடறேன். சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில சொல்லு. நல்ல ஸ்கூலா, இல்லையா?”

பொடிசும் என்னைத்தான் பார்த்தாள். கையில் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். நான் சொல்லப்போவதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று காத்திருந்தாள்.

“மெஷின் எல்லாம் நல்ல கண்டிஷன்ல இருக்கு,” என்றேன். “அதுக்கு நான் கேரண்டி. மத்தபடி எனக்கு எஞ்சின் தெரியும், ஸ்கூல் நடத்தறது தெரியாது.”

“அப்புறம் என்ன! மெஷின்தானே பறக்குது!” என்று அண்ணன் மேஜையைத் தட்டினார். பொடிசு என் வாக்கியத்தைப் பள்ளியின் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

நான் சொல்லாமல் விழுங்கியது இதுதான்.

எங்கள் விமானங்களில் பைலட்டுக்கு முன்னால் இரண்டு மீட்டர்கள் இருக்கும். ஒன்று மணி மீட்டர். எஞ்சினில் ஆயில் அழுத்தம் ஏறியதும் ஓட ஆரம்பித்து, எஞ்சினை அணைக்கும்வரை கடிகாரக் கணக்கில் ஓடும். எத்தனை மணி நேரம் பறந்தேன் என்று மாணவன் தன் லாக் புக்கில் எழுதுவது இதைப் பார்த்துத்தான். மற்றது சுற்று மீட்டர். அது எஞ்சின் உண்மையில் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை எண்ணி, மணிக் கணக்கில் காட்டும். நான் ஆயில் மாற்றுவதும் பாகங்களைப் பிரிப்பதும் அதைப் பார்த்து. விமானம் பறந்தால் மணி மீட்டர் பத்து ஏறும்போது சுற்று மீட்டர் எட்டு ஏறும். தரையில் நின்று சும்மா உறுமிக்கொண்டிருந்தால் பத்துக்கு நாலு ஏறினால் அதிகம்.

பைலட் உரிமத்துக்குத் தேவையான இருநூறு மணி நேரப் பறத்தலையும் பதினொரு மாதத்தில் ஒருவனுக்குக் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மழை வந்தால், காற்று வந்தால், மூடுபனி வந்தால் என்ன செய்வது? பள்ளியை நடத்துகிற எங்கள் கேப்டன் அதற்கு வழி கண்டுபிடித்தார். எரிபொருள் ஷெட்டுக்குப் பின்னால், ரன்வேயிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், ஏழாம் நம்பர் விமானத்தை நிறுத்துவார். இரண்டு மாணவர்கள் ஏறி உட்கார்ந்து எஞ்சினை ஓடவிடுவார்கள். ஒருவன் போனில் கிரிக்கெட் பார்ப்பான், இன்னொருவன் தூங்குவான். மணி மீட்டர் ஓடும். அதற்குத் ‘தரைப் பழக்கம்’ என்று பெயர். லாக் புக்கில் ஏறும்போது அது பறத்தல் ஆகிவிடும். வானத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குடிக்கிற பெட்ரோலில் தரையில் நாலு மணி நேரம் உறுமலாம் என்பது கூடுதல் வசதி.

மாணவர்களுக்கும் இது தெரியும். ஒருவன்கூட வாயைத் திறந்ததில்லை. அவசரத்துக்குத்தான் வந்தார்கள், அவசரம் கிடைத்தது. முதல் நாளே தோளில் பட்டை வைத்த சட்டையைக் கொடுத்துவிடுவார்கள். அதைப் போட்டுக்கொண்டு கேன்டீனில் வரிசையில் நிற்கும்போது அவர்கள் நெஞ்சு நிமிர்வதைப் பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று இறக்கையின் எந்த மூலையில் பெட்ரோலை வடித்துப் பார்ப்பது எனத் தெரியாதவன்கூட, டீ வாங்கும்போது ரேடியோவில் பேசுகிற பைலட் மாதிரி “ரோஜர்” என்பான்.

அப்போதெல்லாம் நான் அவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரிப்பேன். சிரித்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். என் வேலை அன்றாடத் தாளில் கையெழுத்துப் போடுவது. அந்தத் தாளில் இரண்டு மீட்டரின் எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நான் கையெழுத்துப் போடுவது எஞ்சின் சரியாக இருக்கிறது என்பதற்கு. எஞ்சின் சரியாகத்தான் இருந்தது. நாலு வருடமாக இதைச் சொல்லியே என்னை நான் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் மேஜையில் வைத்து உண்மையைச் சொல்லியிருந்தால், ‘அப்போ நீ என்ன பண்ணிட்டிருந்தே?’ என்று அடுத்த கேள்வி வந்திருக்கும்.

சனிக்கிழமை பள்ளியில் பெற்றோர் வந்து பார்க்கிற நாள். வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். காற்றின் வேகத்தில் அதில் பாதி காலையிலேயே வெடித்துவிட்டது. காற்றின் திசை காட்டுகிற ரன்வே ஓரத்துக் காற்றுப்பை படுக்கைவாட்டில் விறைத்து, ரன்வேக்குக் குறுக்கே நின்றது. எட்டு மணிக்கே அன்றைக்குப் பறத்தல் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். அதனால் கேப்டனுக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்கு விமானம் பறந்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது.

அவர் நாலு பட்டைச் சட்டையில் வந்தார். எந்த விமானத்துக்குக் கேப்டன் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. ஒரு பழைய ஜெட் விமானத்தின் இருக்கையைப் பிடுங்கி வரவேற்பறையில் வைத்திருக்கிறார். பெற்றோர்கள் பிள்ளைகளை அதில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். மகளை முந்திக்கொண்டு என் அண்ணனே போய் உட்கார்ந்துகொண்டார். அண்ணி படம் எடுத்தாள். சுவரில் ‘வேலையில் அமர்ந்தவர்கள்’ என்று நாற்பது முகங்கள் மாட்டியிருந்தன. அதில் ஆறு பேர் இதே பள்ளியில் பயிற்சியாளர்கள். அவர்களும் வேலையில்தான் இருக்கிறார்கள், மறுக்க முடியாது.

பொடிசு அங்கே நிற்கவில்லை. நேராக ஹேங்கருக்கு வந்துவிட்டாள்.

நான் ஏழாம் நம்பரின் ஸ்பார்க் பிளக்குகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். முந்தின நாள் மாலையே கழற்றி வேறு செட் மாட்டிவிட்டிருந்தேன். எட்டு பிளக்கும் தட்டில் இருந்தன. அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேட்காமலே ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“உள்ள ஏதோ உருண்டை உருண்டையா இருக்கே அத்தை?”

“ஈயம். நம்ம பெட்ரோல்ல ஈயம் கலந்திருக்கும். அது வந்து படியும்.”

அவள் பக்கத்துத் தட்டிலிருந்து மூன்றாம் நம்பரின் பிளக் ஒன்றை எடுத்தாள். அது பழுப்பாக, சுத்தமாக இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“ரெண்டுக்கும் ஒரே பெட்ரோல்தானே?”

“ஒரே பெட்ரோல்தான்.”

“எஞ்சின் சூடாகாம மெதுவாவே ரொம்ப நேரம் ஓடினாத்தான் இப்படிப் படியும்னு படிச்சேன்.”

நான் ஊசியால் அடுத்த பிளக்கைக் குத்திக்கொண்டிருந்தேன். படிக்கிற பெண்களோடு இதுதான் தொல்லை. அப்போது காற்று ஒரு நிமிடம் ஓய்ந்தது. ஓய்ந்ததும் எரிபொருள் ஷெட்டுக்குப் பின்னாலிருந்து எஞ்சின் சத்தம் தெளிவாகக் கேட்டது. சீரான, அவசரமில்லாத உறுமல்.

“இன்னிக்குப் பறக்கலன்னு சொன்னாங்களே?”

“ஆமா.”

“அப்ப அது யாரு?”

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை. தடுத்தால் என்ன சொல்லித் தடுப்பது? ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தாள். முடியெல்லாம் காற்றில் கலைந்திருந்தது. நேராகச் சுவர் ஆணியில் மாட்டியிருந்த, ஏழாம் நம்பரின் அன்றாடத் தாள்கள் செருகிய அட்டையை எடுத்தாள். திங்கள் முதல் வெள்ளிவரை விரலை வைத்துக் கூட்டினாள். உதடு மட்டும் அசைந்தது.

“மணி மீட்டர் இந்த வாரம் முப்பத்தொண்ணு ஏறியிருக்கு. இந்த இன்னொரு மீட்டர் பதினாலுதான். பறந்தா எவ்வளவு ஏறணும்?”

“பத்துக்கு எட்டு.”

“நின்னா?”

“பத்துக்கு நாலு.” பொய் சொல்லியிருக்கலாம். கணக்கில் பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

அவள் அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. “அப்ப முப்பத்தொரு மணி நேரத்துல வானத்துல இருந்தது நாலு மணி நேரம்.”

பிறகு விரல் கீழே இறங்கி நின்றது. “இது உங்க கையெழுத்தா அத்தை?”

“நான் எஞ்சினுக்குத்தான் போடறேன். மணிக்கணக்கு என் வேலை இல்ல. அது கேப்டன் வேலை.”

“ரெண்டு நம்பரும் ஒரே தாள்ல இருக்கு. உங்களுக்குக் கழித்தல் தெரியாதா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள்மேல் வரக்கூடாத கோபம். “இங்க பாருடி. ஒன்பது வருஷத்துல என் கை பட்ட எஞ்சின் ஒண்ணுகூட வானத்துல நின்னதில்ல. தெரியுமா?”

“பறந்தாத்தானே அத்தை நிக்கும்,” என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. தட்டில் இருந்த பிளக்கை இருந்த இடத்தில் சரியாக வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். மாணவர்களைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரிக்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று நான் கண்டதில்லை. அவள் முகத்தில் அன்று கண்டேன்.

“வேகமா கத்துக்கறது தப்பே இல்ல. நிஜமாவே தினமும் பறக்க விடற ஸ்கூல் எங்கயாவது இருக்கும். இது அது இல்ல,” என்றாள். பிறகு, “அன்னைக்கு நீங்க சொன்னதை நான் நோட்டுல எழுதினேன்,” என்று சொல்லிவிட்டு அலுவலகத்தை நோக்கி நடந்தாள்.

நான் தாள் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டேன். பிறகு பின்னாலேயே போனேன். எதற்குப் போனேன் என்று சொன்னால் பெருமையாக இருக்காது. அவள் என்னைப் பற்றி என்ன சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில்தான் போனேன்.

அலுவலகத்தில் சேர்க்கைப் படிவம் மேஜைமேல் விரித்திருந்தது. அண்ணன் தன் இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். மகள் கையெழுத்து மட்டும் பாக்கி. கேப்டன் பேனாவை அவள் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார்.

“எனக்கு வேண்டாம்ப்பா. நான் கிளப்லயே சேர்றேன்,” என்றாள் பொடிசு.

“என்னது?”

“இங்க வேண்டாம்.”

“ஏன்? ஒரு வாரமா நீதானே பதினொரு மாசம், பதினொரு மாசம்னு குதிச்சே! காரணம் சொல்லு.”

அவள் தரையைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் கதவருகே நிற்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். “காரணம் ஒண்ணும் இல்ல. பிடிக்கல,” என்றாள்.

“பிடிக்கலையா? விளையாடறியா?” அண்ணனுக்கு முகம் சிவந்தது. ஊரார் முன்னால் அவமானப்பட்டால் அவருக்குக் குரல் தாழ்ந்துபோகும். தாழ்ந்த குரலில் சொன்னார்: “இது இல்லன்னா ஒண்ணும் கிடையாது. கிளப்பும் கிடையாது, பைலட்டும் கிடையாது. திங்கக்கிழமை கடைக்கு வந்து உக்காரு. நான் விளையாட்டுக்குச் சொல்லல.”

“என்னடி பிடிவாதம் இது? போட்டுடு,” என்றாள் அண்ணி.

அவள் போடவில்லை. சொல்லவும் இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு ஒரு வாக்கியம் போதும். தன் இரண்டு வருட ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் குழாய்க் கடைக்குப் போவதா, அத்தையின் வண்டவாளத்தை எல்லோர் முன்னாலும் போட்டு உடைப்பதா என்ற கேள்வி அவள் முன்னால் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அப்போதும் நான் பேசவில்லை. இதை நான் மறைத்துப் பயனில்லை.

கேப்டன் சிரித்தார். “விடுங்க சார். பொண்ணுங்களுக்குக் கடைசி நிமிஷத்துல ஒரு பயம் வரும். சகஜம்தான். முதல் தடவை மேல போயிட்டு வந்தா சரியாயிடும்.”

மேல போயிட்டு வந்தா. அந்த மனிதர் வாயிலிருந்து.

“அவளுக்கு என்ன பயம்?” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “இங்க மேல போனாத்தானே பயப்படறதுக்கு? அண்ணா, ஷெட்டுக்குப் பின்னாடி போய்ப் பாருங்க. இன்னிக்குப் பறக்கக் கூடாதுன்னு காலைல எட்டு மணிக்கே சொல்லியாச்சு. ஏழாம் நம்பர் எஞ்சின் ஒன்பது மணியிலேருந்து ஓடுது. உள்ள உக்காந்திருக்கறவன் இன்னிக்கு அஞ்சு மணி நேரம் பறந்ததா எழுதுவான். இந்த வாரம் முப்பத்தொரு மணி நேரம் பறந்ததா எழுதியிருக்காங்க. பறந்தது நாலு.” தாள் அட்டையைப் படிவத்தின்மேல் வைத்தேன். இரண்டு மீட்டரும் என்ன, எதை எதிலிருந்து கழிப்பது என்று அண்ணனுக்கு விளங்கும்படி சொன்னேன். குழாயில் தண்ணீர் வரும் அளவு தெரிந்தவருக்கு அது கஷ்டமாக இல்லை.

கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர் அசரவே இல்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

“தாளுக்குக் கீழ யாரு கையெழுத்துன்னும் அண்ணன்கிட்ட காட்டிடுங்க மேடம்,” என்றார்.

“என்னோடதுதான்,” என்றேன்.

அண்ணன் தாள்களைப் புரட்டினார். ஒவ்வொரு தாளிலும் அதே கையெழுத்து, ஒரே சாய்வில், ஒரே மையில். “எத்தனை வருஷமா?”

“நாலு வருஷமா.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் பதிலுக்குக் கத்துவதற்கு என்னிடம் வார்த்தைகள் இருந்தன. வாஷிங் மெஷின், ஸ்பானர், எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை.

“போன ஞாயித்துக்கிழமை என் வீட்டு மேஜையில உக்காந்து டீ குடிச்சே,” என்றார். “நான் குழாய் விக்கறவன். படிப்பு கிடையாது. ஆனா ஒழுகற குழாய்னு தெரிஞ்சா என் தங்கச்சி வீட்டுக்கு அதைக் கொடுத்தனுப்ப மாட்டேன்.”

படிவத்தை நாலாகக் கிழித்து மேஜையிலேயே வைத்துவிட்டு, மகள் தோளில் கை போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். அண்ணி என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அதில் கோபம்கூட இல்லை.

அன்று மாலையே என் வேலை போயிற்று. தாள்களின் நகலோடு விமானத்துறைக்கு எழுதிப் போட்டேன். இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். என் உரிமத்தை ஆறு மாதம் முடக்கினார்கள். அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கு அபராதம் போட்டார்கள், சில மாணவர்களின் மணி நேரங்களைக் கணக்கிலிருந்து அடித்தார்கள். மூன்று மாதத்தில் பள்ளி வேறு பெயரில் திறந்தது. அட்டையில் புதிய முகங்கள், இப்போது பத்தே மாதம். சேர்க்கைக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று கேள்வி. நிற்கட்டும்.

உரிமம் திரும்பி வந்ததும் கிளப்பில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு மெக்கானிக் இருக்கிறார், மீசைக்காரர். நானும் அவரும் மாற்றி மாற்றி வருகிறோம். விமானங்கள் இரண்டும் என் வயதுக்காரிகள். ஒருத்திக்குக் கதவு சரியாகச் சாத்தாது. பொடிசு கிளப்பில் சேர்ந்து ஒரு வருடத்தில் எழுபது மணி நேரம் ஏறியிருக்கிறது. எழுபதும் வானத்தில். போன மாதம் தனியாக முதல் முறை எடுத்துக்கொண்டு போய் ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள். அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கை தட்டினார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

அவள் என்னோடு பேசாமல் இல்லை. ‘அத்தை’ என்று முன்போலவே கூப்பிடுகிறாள், டிபன் டப்பாவைத் திறந்தால் எனக்கும் நீட்டுகிறாள். பறப்பதற்கு முன் பைலட் விமானத்தைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். பெட்ரோலை வடித்துப் பார்ப்பாள், ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பாள், இறக்கையை ஆட்டிப் பார்ப்பாள். எல்லா பைலட்டும் செய்ய வேண்டியதுதான். எல்லாம் முடிந்து உள்ளே ஏறி உட்கார்ந்ததும், யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றையும் செய்கிறாள். என் தாளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மீட்டர்களின் எண்ணையும் பார்க்கிறாள், முந்தின நாள் எண்ணைக் கழிக்கிறாள், ஒன்றுக்கு ஒன்று சரியாக வருகிறதா என்று பார்க்கிறாள். பார்த்த பிறகுதான் கதவைச் சாத்துகிறாள்.

எல்லா நாளும் அப்படித்தான் செய்வாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மீசைக்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

“மீட்டரைக் கழிச்சுப் பாக்கறாளா? எதுக்கு?” என்றார் அவர். “நான் கையெழுத்துப் போட்டா வாங்கிட்டு அப்படியே போயிடுமே அந்தப் பொண்ணு.”

இப்போதெல்லாம் அவள் கேட்பதற்கு முன்னால் நானே கதவருகில் நின்று இரண்டு எண்களையும் படித்துச் சொல்லிவிடுகிறேன். அவள் “சரி அத்தை” என்று தலையாட்டுகிறாள். தலையாட்டிவிட்டு, குனிந்து தானே ஒரு முறை பார்த்துக்கொள்கிறாள்.